குறத்தி நடந்த வழி

மேல்நாட்டாரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தமக்குப் பிரியமான நாவலாசிரியனுடைய ஊருக்குச் சென்று, அவன் கதையில் வரும் வீதிகளிலே புத்தகமும் கையுமாக நடந்து பார்க்கிறார்கள். தாஸ்தாயெவ்ஸ்கி 1866-இல் எழுதிய 'குற்றமும் தண்டனையும்' என்னும் நாவலின் கதாநாயகன், தன் வீட்டு வாயிலிலிருந்து அடகு பிடிக்கும் கிழவியின் வீடு வரை 730 காலடி என்று எண்ணி வைத்திருக்கிறான். பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போகும் வாசகர்களில் பலர் அந்தக் காலடிகளைத் தாமும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

தமிழ் நாட்டில் இத்தகைய நடைக்கு இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு, நாம் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியைக் காட்டுவோம். தமிழில் முதல் நாவல் 1879-இல் வெளிவந்தது. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்னரே ஊரையும் மலையையும் வயலையும் வீதியையும் கதைக்குள் கொண்டுவந்த நூல் ஒன்று இவ்வழியில் பிறந்தது. தூரம் சுமார் 5 கிலோமீட்டர்தான்.

தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாயிலில் புறப்படுவது நலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அவ்விடத்தில் ஆளைத் தள்ளும். 15-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன் தன் உள்ளத்தைக் கல்லிலே பாட்டாகப் பொறித்து வைத்தான். கோயிலைக் கட்டிய பெருமையை அவன் அங்கே பேசவில்லை. பிற்காலத்தில் இதற்கு ஊறு நேர்ந்தால் அதைச் செப்பனிடப் போகிறவர்கள் யாரோ, அவர்களை இப்போதே வணங்குகிறேன் என்கிறான். அவன் அஞ்சியபடியே கோபுரம் பிளந்து, நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. மீண்டும் 9 நிலைகளுடன் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது.

அந்தப் பாண்டியர் மரபில் 16-ஆம் நூற்றாண்டில் வந்தவன் அதிவீரராம பாண்டியன். புலவர்க்கு ஔடதம் என்று பெயர் பெற்ற நைடதத்தைப் பாடியவன். வெற்றிவேற்கை என வழங்கும் நறுந்தொகையை இயற்றியவனும் அவனே. நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடியோடு சேர்த்துப் பிள்ளைகள் மனனம் செய்த நூல் அது. இன்று தென்காசி ஒரு மாவட்டத்தின் தலைநகரம். 2019-இல் அந்த உயர்வு வந்தது. ஆயினும், குழந்தைகளுக்கு நீதி சொன்ன அரசன் இவ்வூரில் இருந்து ஆண்டான் என்பதைக் கடைவீதியில் எத்தனை பேர் அறிவர்?

மேற்கே திரும்பி நடந்தால் மலை எதிரே நிற்கிறது. மூன்று சிகரங்கள் கூடியதால் திரிகூடம் என்று பெயர். வழியருகே இருப்பது மேலகரம். குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இதுதான். மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அந்நூலை மெச்சிக் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் நிலைத்தது. ஒரு நூலின் பெயரால் நிலம் வழங்குவது எவ்வளவு அருமை!

குறவஞ்சியைப் போல நடப்பதற்கு ஏற்ற நூல் வேறில்லை; அதன் குறத்தியே பெரிய நடைக்காரி. பல நாடு சுற்றிக் குறி சொன்னவள். சிலம்பு ஒரு நாட்டுப் பரிசு, தண்டை மற்றொரு நாட்டுப் பரிசு என்று அவள் அணிகலன்களே பிரயாணக் கதை சொல்கின்றன. அவள் கணவன் சிங்கனோ, பறவை பிடிக்க வந்த இடத்தில், அவை மேயும் வயல்களையும் குளங்களையும் பெயர் பெயராக அடுக்குகிறான். சிருங்காரமும் நகைச்சுவையும் ததும்பும் அந்த நாடகத்தினுள்ளே சுற்று வட்டாரத்தின் நிலக்கணக்கே அடங்கியிருக்கிறது.

பேரருவிக்கு வந்ததும் புத்தகத்தைத் திறக்கலாம். அருவித் திரையில் கதிரவனுடைய தேர்க்காலும் குதிரைக்காலும் வழுக்கும் என்று குறத்தி தன் மலையைப் பற்றிப் பெருமை பேசுகிறாள். வகுப்பறையில் இதை உயர்வு நவிற்சி அணி என்று சொல்லி நாம் மேலே போய்விடுகிறோம். சாரல் தெறிக்கும் அந்த ஈரப் பாறையில் நின்று பாருங்கள். நம் கால் வழுக்கும்போது சூரியன் தேரும் வழுக்குவதில் என்ன வியப்பு? கவிராயர் கண்டதைத்தான் சொன்னார். நாம் கண்டதை அவர் வானம் வரை நீட்டினார். மந்திகளுக்குக் கனி கொடுத்துக் கொஞ்சும் கடுவன்களின் வம்சமும் அங்கே இருக்கிறது. நம் கைப்பழத்தைப் பறிப்பதில் அவை வெகு சமர்த்து!

அருகிலேயே சங்கு வடிவமான குற்றாலநாதர் கோயில். திருஞான சம்பந்தர் கோயிலுக்கு ஒரு பதிகமும் அங்குள்ள குறும்பலாவுக்கு ஒரு பதிகமும் பாடினார். ஒரு மரத்துக்குத் தனிப் பதிகம்! சற்றுத் தள்ளிச் சித்திர சபை, சுவரெல்லாம் ஓவியம்.

நடையை ரசிகமணி டி. கே. சி. நினைவோடு முடிப்பது முறை. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த அவர், பாடலை வாய்விட்டுப் படித்து அனுபவிக்கக் கற்பித்தவர். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். பின்னாளில் 'கோபல்ல கிராமம்' எழுதிய கி. ராஜநாராயணனும் இளமையில் வந்து கேட்டவர். பாடினவன் ஊருக்குப் புகழ் தந்தான். அப்புகழ் வாடாமல் காத்தவன் ரசிகன்.

சாரல் காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குற்றாலம் வருகின்றன. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பழம் வாங்கிக்கொண்டு திரும்புகின்றன. குளியல் இன்பத்தை நாம் குறை சொல்லோம். ஆனால் பாடப் புத்தகத்தில் குறவஞ்சியைப் படித்த பிள்ளை, அதே அருவியின் கீழ் நின்றும் அப்பாட்டை நினையாமல் வீடு திரும்பினால், நூலும் ஊரும் ஒன்றையொன்று இழந்துவிடுகின்றன. கோபுரம் இடிந்தால் ஊர் அறியும். பாட்டு மறந்தால் ஓசை கேட்பதில்லை.

அடுத்த சாரலுக்குப் போகும் தாய்மார்கள் துண்டோடும் எண்ணெயோடும் ஒரு குறவஞ்சிப் பிரதியையும் பையில் வைத்துக்கொள்ளட்டும். மேலகரத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பிள்ளைகளுடன் சிறிது தூரம் நடக்கட்டும். பராக்கிரம பாண்டியன் கல்லிலே யாரை வணங்கி வைத்தானோ, அவர்கள் கூட்டத்தில் நம் வீட்டுக் குழந்தையும் ஒன்றாக வேண்டாமா?