மானியம் யாருக்கு?

வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியோடு வந்தவனைப் பார்த்து, "நீ எந்தச் சாதி? எந்த ஊர்? கையிலே சான்றிதழ் உண்டா?" என்று தருமச்சாலையில் எவரும் கேட்பதில்லை. பசித்த வயிறு ஒன்றே அங்கே தகுதி.

அந்த ஊருக்குப் பக்கத்திலே நெய்வேலிச் சுரங்கம். இரவு ஷிப்டு முடித்து, உடம்பெல்லாம் புழுதியோடு வீடு திரும்பும் தோழர், விடிந்ததும் மகளைக் கல்லூரிக்குப் பஸ் ஏற்றி அனுப்புகிறார். 'நாம் மண்ணோடு மல்லுக்கட்டினோம். பிள்ளையாவது படித்து நிமிரட்டும்' என்பது அவர் ஆசை. நியாயமான ஆசை! அந்தப் பிள்ளை போய் உட்காரும் வகுப்பறையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழு 1953 டிசம்பர் 28-ஆம் நாள் அபுல் கலாம் ஆசாத் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. 1956-இல் அதற்குச் சட்ட வலிவு கிடைத்தது. கற்பிக்கும் தரத்தை உயர்த்துவது, அதற்கு வேண்டிய பணத்தைத் தருவது இரண்டும் அதன் கடமை. 1970-இல் கல்லூரி அறிவியல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை அந்தக் குழு கொண்டுவந்தது. தேர்ந்தெடுத்த கல்லூரிகளில் சோதனைச்சாலைக்குக் கருவி, நூலகத்துக்குப் புத்தகம், ஆசிரியருக்குப் பயிற்சி, பாடம் சொல்லும் முறையில் புதுமை ஆகியவற்றுக்கு என்றே பணம் ஒதுக்கப்பட்டது. நல்ல முயற்சி, நாம் பாராட்டத் தயங்கவில்லை.

ஆனால் பந்தி எப்படி நடக்கிறது? மானியம் பெற வேண்டுமானால் 2-எஃப், 12-பி என்ற பட்டியலில் கல்லூரியின் பெயர் ஏறியிருக்க வேண்டும். அதில் ஏற, நிலையான ஆசிரியர் வேண்டும், கட்டிடம் வேண்டும், நூலகம் வேண்டும், சோதனைச்சாலை வேண்டும். அதாவது, எது இல்லை என்று கை நீட்டுகிறானோ அது இருந்தால்தான் கையிலே காசு விழும்! உண்டவனுக்கு மறுசோறு, பசித்தவனுக்கு விதிமுறை! வடலூர் அடுப்பு இந்த விதிப்படி எரிந்திருந்தால், என்றோ சாம்பலாகிப் போயிருக்கும்.

2013-இல் தேசிய உயர்கல்வித் திட்டம் வந்தது. மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. கல்லூரிகளின் கட்டமைப்புக்கு வந்த தொகையை எப்படிச் செலவிடச் சொன்னார்கள்? புதுக் கட்டிடத்துக்கு 35 விழுக்காடு, பழையதைப் புதுப்பிக்க 35, கருவிகளுக்கு 30. சுவர் எழும்பட்டும், நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரா பாடம் சொல்லும்?

பாடம் சொல்பவர் யார்? தமிழ்நாட்டு அரசினர் கல்லூரிகளில் பல வகுப்புகளை நடத்துபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரிலே கௌரவம், ஊதியத்திலே அது இல்லை. மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழுவே 2019-இல் சொன்னது. அதைக் கேட்டு வாங்க அவர்கள் நீதிமன்றப் படி ஏற நேர்ந்தது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று அஞ்சிக் கிடக்கும் ஆசிரியரிடம், "புதுமையாகக் கற்பியுங்கள்" என்று சொல்வது, பட்டினி கிடப்பவனிடம் பாட்டுக் கேட்பதற்கு ஒப்பாகும். 2024-இல் உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் 4,000-க்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டதே, அது எத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன என்பதற்கு அரசினர் தாமே தந்த வாக்குமூலம் அல்லவா?

டில்லியோ வேறு பாதையில் நடக்கிறது. 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டம் 2017-இல் முடிந்தது. திட்டக் காலந்தோறும் கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்த மானிய வாய்க்காலும் வற்றத் தொடங்கியது. அதே 2017-இல் உயர்கல்வி நிதி முகமை என்று ஒன்று முளைத்தது. அது மத்திய நிறுவனங்களுக்குத் தருவது கடன்! கடனை அடைக்கப் பணம் எங்கிருந்து வரும்? கடைசியில் மாணவர் கட்டணத்தின் மீதுதான் கை வைப்பார்கள். 2018-இல் வெளியிட்ட சட்ட வரைவில், மானியம் வழங்கும் அதிகாரத்தையே குழுவிடமிருந்து அமைச்சகத்துக்கு மாற்ற முனைந்தார்கள். 1976-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி, மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. அதிகாரம் வடக்கே போனது. பொறுப்பு மட்டும் இங்கேயே கிடக்கிறது.

பணமில்லை என்பார்கள். நெய்வேலித் தோழருக்கு இதற்கு விடை தெரியும். பழுப்பு நிலக்கரி மேலே கிடக்கவில்லை. மேல்மண்ணை அகற்ற வேண்டும். அடியிலே பொங்கும் ஊற்று நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டும். 1956-இல் நிறுவனம் பிறந்தது; 1961-இல்தான் கரி கைக்கு எட்டியது. அந்த ஐந்தாண்டில், "கரி எங்கே? கரி கொடுத்தால்தான் காசு" என்று அரசு கேட்டிருந்தால் நெய்வேலி உண்டா? கரிக்குக் காத்திருந்த அரசுக்குக் கல்விக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையா?

நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-இல் சொன்னது. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டைத்தான் சொல்கிறது. 54 ஆண்டுகள் ஓடின. எண் மட்டும் ஏட்டிலே அப்படியே இருக்கிறது.

நாம் கேட்பது சலுகை அல்ல. இல்லாத கல்லூரிக்கு முதலில் மானியம் தருக. அதில் ஒரு பங்கைக் கற்பிக்கும் முறைக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் என்றே ஒதுக்குக. காலி இடங்களை மாநில அரசு நிரப்புக. நிரப்பும் வரை, பணி செய்வோர்க்கு உரிய ஊதியம் தருக. கடன் என்ற பேச்சைக் கல்விக்கூட வாயிலில் அனுமதியோம்.

தோழர்களே, சுரங்கத்தில் நீங்கள் வெட்டிய கரி எத்தனையோ ஊர்களில் விளக்கேற்றுகிறது. உங்கள் பிள்ளையின் வகுப்பறையில் விளக்கு எரிகிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சங்கக் கூட்டத்திலே கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும், நம்மவரே ஆனாலும், நிறுத்திக் கேளுங்கள்!