டிராய் நகரத்தைத் தேடியவர் செய்த வேலை!

ஹோமர் பாடிய 'இலியட்' காவியம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வரும் டிராய் நகரம் வெறும் கற்பனைன்னு பலர் நினைத்த காலம் உண்டு. ஜெர்மனி வியாபாரி ஹைன்ரிக் ஷ்லீமன் அப்படி நினைக்கவில்லை. துருக்கியின் வடமேற்கில் இருக்கும் ஹிசார்லிக் மேட்டில் 1870-ல் தோண்ட ஆரம்பித்தார்.

காவியத்தை நம்பித் தேடியது தப்பே இல்லை. ஆனால் அவசரப்பட்டது பெரிய தப்பு என்பது என் கருத்து.

அந்த மேட்டில் ஒரே ஒரு ஊர் புதைந்து கிடக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக 9 முக்கிய அடுக்குகள்! ஹோமர் சொன்ன டிராய் ரொம்பப் பழசு, அதனால் அடியில்தான் இருக்கும்னு ஷ்லீமன் முதலிலேயே முடிவு பண்ணிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களை வைத்து நடுவில் பெரிய பள்ளம் வெட்டினார். 1873-ல் தங்க நகைகள் கிடைத்ததும் 'பிரியாம் மன்னரின் புதையல்' என்று அறிவித்தார். ஆனால் அது கிடைத்தது கீழிருந்து 2-ஆம் அடுக்கில். டிராய் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் முந்தையது! போர்க் காலத்தோடு பொருந்துவதாக ஆய்வாளர்கள் சொல்லும் 6, 7-ஆம் அடுக்குகள் மேலே இருந்தன. அவற்றில் ஒரு பகுதியை அவருடைய ஆட்களே வெட்டிக் கொட்டிவிட்டார்கள். எதைத் தேடி வந்தாரோ அதையே அழித்துவிட்டார், பாருங்கள்!

"அவர் இல்லாவிட்டால் டிராயே கிடைச்சிருக்காதே?" என்று சிலர் கேட்கலாம். ஃபிராங்க் கால்வர்ட் என்பவர் 1860-களிலேயே அங்கே தோண்டிப் பார்த்திருக்கிறார். மேட்டின் ஒரு பகுதி அவருடைய நிலம். ஷ்லீமனுக்கு அந்த இடத்தை எடுத்துச் சொன்னவரும் அவர்தான். பெயரும் புகழும் மட்டும் ஷ்லீமனுக்கு!

பிறகு பொறுமையாகத் தேடியவர்களைப் பாருங்கள். காவியத்தில் கிரேக்கர்களின் கப்பல்கள் டிராய்க்குப் பக்கத்துக் கரையில் நிற்கும். இன்றோ மேட்டிலிருந்து கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படியென்றால் ஹோமர் பொய் சொன்னாரா? நிலவியல் அறிஞர்கள் சமவெளியில் துளை போட்டு, ஆழத்து மண்ணை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு காலத்தில் கடல் உள்ளே வரைக்கும் வந்திருந்தது, ஆறுகள் கொண்டுவந்த வண்டல் அதைத் தூர்த்துவிட்டது என்று தெரிந்தது. தங்கம் சொல்லாததை வெறும் சேறு சொல்லிவிட்டது!

பழைய கதை ஒன்றைக் கேட்டால் தேடிப் போவோம், தப்பில்லை. ஆனால் விடையை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு மண்வெட்டியைத் தூக்க வேண்டாம். ஒருமுறை வெட்டிய மண்ணை மறுபடி அடுக்க யாராலும் முடியாது. சிந்திப்போம் நண்பர்களே!