இயந்திர விளக்கம்: கார்புரேட்டரின் மூன்று சங்கடங்கள்

மோட்டார் வண்டிக்குப் பெட்ரோலே உணவு என்பர். ஆயினும் அது திரவமாக இருக்கும்வரை எஞ்சினுக்கு உதவாது. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே பொறி பட்டவுடன் எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். இக்கலவையைப் பக்குவம் செய்து தரும் அடுக்களையே கார்புரேட்டர்.

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற வண்டியில், பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து எழுந்த ஆவியையே எஞ்சின் உறிஞ்சிக்கொண்டது. 1893-ஐ ஒட்டி ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் பெட்ரோலைத் தூவும் முறையை வகுத்தனர். கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பை நாம் அறிவோம். விரைந்தோடும் காற்று மருந்தை மேலே இழுத்துத் துளிகளாக்குகிறது அல்லவா? கார்புரேட்டரிலும் காற்றுக்குழாய் நடுவில் குறுகியிருக்கும். அங்கே காற்று விரையும், அழுத்தம் குறையும். ஜெட் என்னும் நுண்துளையிலிருந்து பெட்ரோல் தூவலாக வெளிப்படும்.

வண்டி ஒரே வேகத்தில் ஓடுமானால் இவ்வளவே போதும். அவ்வாறு ஓடாமையால்தான் மூன்று சங்கடங்கள் எழுந்தன.

முதலாவது, புறப்பாடு. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. பெரும்பகுதி குழாயின் சுவரிலேயே ஈரமாகப் படிந்துவிடும். கையால் சுழற்றும்போது காற்றின் வேகமும் குறைவு. ஆகவே காற்று நுழையும் வாயைச் ‘சோக்’ என்னும் தகட்டால் மூடிப் பெட்ரோலை மிகுதியாக இழுக்கச் செய்தனர். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு ‘டி’ மாடல் வண்டியில், கைப்பிடியைச் சுழற்றுபவரே சோக்கையும் இழுப்பதற்காக, ரேடியேட்டர் அருகே ஒரு கம்பி வைத்திருந்தனர்.

இரண்டாவது, வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் நிலை. அப்போது திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். குறுகிய பகுதியில் காற்று மெல்லவே செல்வதால் பெரிய ஜெட் வாளாவிருக்கும். ஆனால் தகட்டுக்கு அப்பால், எஞ்சின் பக்கத்தில், உறிஞ்சும் விசை மிக வலிது. தகட்டின் விளிம்பருகே ஒரு சிறு துளையிட்டு, அதற்கென்று தனி ஜெட்டும் அமைத்தனர். இந்த ஏற்பாடு இல்லையேல், நின்ற இடந்தோறும் எஞ்சின் அணைந்து, மீண்டும் கைப்பிடியைச் சுழற்ற நேரும்.

மூன்றாவது, திடீர் வேகம். திராட்டிலைச் சட்டென்று திறந்தால் இலேசான காற்று உடனே பாய்கிறது. கனத்த பெட்ரோலோ பின்தங்குகிறது. கலவை மெலிந்து எஞ்சின் இருமும். சில வேளை சுடர் கார்புரேட்டர் வழியாகவே திரும்பித் தாக்கும். இதற்குப் பரிகாரமாகச் சிறு கிணறு போன்ற அறையில் பெட்ரோலைச் சேமித்து வைத்தனர். பின்னர், மிதிகட்டையை அழுத்தியவுடன் பெட்ரோலைப் பீச்சும் பம்பு வந்தது.

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின், புதிய பெட்ரோல் வண்டிகளில் கணினி கணக்கிட்டுப் பெட்ரோலைப் பீச்சுகிறது. எனினும் பழைய ஸ்கூட்டரையும் காரையும் விடாது போற்றிவரும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. சென்னையில் சோக்கை அதிகம் தொட்டறியாத வண்டி, டில்லியின் மார்கழிக் காலையில் அதைக் கேட்கும். எஞ்சின் சூடேறியதும் சோக்கைத் திறந்துவிடுக. மறந்தால், மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தை விளைவிக்கும்.

அதினும் பெரிய கேடு ஒன்றுண்டு. பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைந்த கலவை எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு மிகுதியாக எழும். நிறமும் மணமும் அற்ற அந்நச்சு, மூடிய அறையில் உயிரையே பறிக்கும். குளிருக்கு அஞ்சிக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைச் சூடேற்றுதல் ஆகாது. புதிய வண்டியாயினும் ஆகாது. முதலில் வண்டியை வெளியே தள்ளுக, பிறகு உதையுங்கள். வீட்டிலுள்ள இளைஞர்களுக்கும் இதனைச் சொல்லிவைக்க வேண்டுகிறோம்.

பொறி எழுப்பும் காந்தக் கருவியைப் பற்றி அடுத்த இதழில் காண்போம்.