பிரதட்சிண முறுக்கு!

கேரவன் என்றால் உங்களுக்கு நடிகர் ஏறி ஏ.சி.யில் உட்காரும் பஸ் ஞாபகத்துக்கு வரும். எங்கள் கேரவன் வேறு ரகம். பழைய மாருதி ஆம்னி. பின் சீட்டை மடக்கி, மேலே ப்ளைவுட் பலகை, அதன் மேல் மெத்தை. ஒரு குட்டி ஸ்டவ், இருபது லிட்டர் தண்ணீர் கேன். நான், மனைவி, ஏழு வயசு மகள், கூப்பிடாமலே வந்த மச்சான். (மச்சானுக்கு வெளியே பாய்!)

போனது காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்பார்கள். அங்கே திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387 வாக்கில் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் கூரை முழுக்க ஓவியம், ரிஷபதேவர், மகாவீரர் கதைகள். அதைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் பார்த்தது பஞ்சரான பின் டயரை.

ஜாக்கி போட்டு ஸ்டெப்னியை மாட்டினேன். பி.காம். படித்தவனுக்கு டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்று தெரியும். நட்டு எந்த வரிசையில் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. கோயில் வாசல் என்பதாலோ என்னவோ, ஒரு நட்டில் ஆரம்பித்துப் பிரதட்சிணமாகவே முறுக்கிக்கொண்டு போனேன். கடைசியில் மச்சான், "தள்ளுங்க மாமா" என்று ஸ்பானர் மேலேயே ஏறி நின்றான்.

எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர், தறி நெய்பவர், கேட்டார்: "தம்பி, சக்கரம் நேரா உட்கார்ந்துச்சா? பாவு ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்தா சேலை கோணிக்கும்பா."

வண்டிக்கும் சேலைக்கும் என்ன சம்பந்தம்? தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். இருட்டிவிட்டதால் கோயிலும் பார்க்கவில்லை.

வாலாஜாபாத் தாண்டியதும் 'டக்... டக்...' என்று சத்தம். "ரோடு மாமா" என்றான் மச்சான். ரோடு நன்றாகத்தான் இருந்தது. பலகை அதிர ஆரம்பித்தது. மகள் அதன் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். பலகைக்கு நேர் கீழேதான் அந்தச் சக்கரம். ஓரம் கட்டி இறங்கித் தொட்டேன். நாலு நட்டில் இரண்டு விரலாலேயே சுற்றின. கை நடுங்கியது சார்.

மறுநாள் காலையில் வந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, நீள்வட்டமாகியிருந்த ஓட்டையைக் காட்டினார். "நட்டு சக்கரத்தைத் தாங்கல சார். டிரம்மோட சேர்த்து அழுத்திப் பிடிக்குது. அந்த அழுத்தம்தான் தாங்குது. வரிசையா முறுக்கினா ஒரு பக்கம் ஏறி உட்காரும். வண்டி ஓட ஓட சக்கரம் நேராகும், நட்டு தொளதொளன்னு ஆயிடும்."

முறுக்கும்போது ஸ்டட் ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் நீள்கிறது, அந்த இழுப்பில்தான் பிடி என்றார். அளவு மீறினால் மரை போய்விடும். கணக்குப் போட்டேன். ஒரு அடி ஸ்பானர் நுனியில் 70 கிலோ மச்சான் என்றால் 200 நியூட்டன் மீட்டர். சின்ன வண்டிக்கு அதில் பாதிக்கும் குறைவே போதும். சரியான எண் வண்டியோடு தரும் புத்தகத்தில் இருக்கும். நான் அதைக் கடலை மடிக்கக் கொடுத்திருந்தேன். (மரை கழன்ற கேஸ் யார் என்று மனைவி கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.)

அவர் செய்ததைப் பார்த்தேன். சக்கரம் உட்காரும் இடத்தில் துருவையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். நட்டின் கூம்புப் பக்கத்தை உள்ளே வைத்து, நாலையும் கையாலேயே ஏற்றினார். மரைக்கு எண்ணெய் போடப் போனேன், கையைத் தட்டிவிட்டார். வழுக்கினால் அதே முறுக்குக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடுமாம். பிறகு ஒரு நட்டு, அதற்கு நேர் எதிர் நட்டு, அப்புறம் மற்ற ஜோடி. லேசாக முறுக்கி, வண்டியை இறக்கி, அதே குறுக்கு வரிசையில் இரண்டு சுற்று. கடைசிச் சுற்றுக்கு டார்க் ரெஞ்ச். 'க்ளிக்' என்றதும் நிறுத்திவிட்டார்.

"அம்பது, நூறு கிலோமீட்டர்ல நிறுத்தி மறுபடி பாருங்க. சாமான் ஏத்தின வண்டி வேற."

போன மாதம் மறுபடி திருப்பருத்திக்குன்றம். கிளம்பும் முன் நாலு சக்கரத்தையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன். அறுபதாவது கிலோமீட்டரில் நிறுத்தி டார்க் ரெஞ்சை எடுத்தேன். "மறுபடியுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி. மூன்று நட்டு உடனே 'க்ளிக்'. நாலாவது கால் சுற்று சுற்றிவிட்டுத்தான் 'க்ளிக்' என்றது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பக்கச் சக்கரம் பார்த்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.