நிக்கோபாருக்குள் ஒரு கயிறு

போன வாரம் எங்க வீட்டு வாண்டு (ஆறாங்கிளாஸ்) ஸ்கூலில் இருந்து ஒரு வீட்டுப்பாடம் கொண்டு வந்தாள். நிக்கோபார் என்ற பெயரில் இருக்கும் ஏழு இங்கிலீஷ் எழுத்துக்களை வைத்து எத்தனை இங்கிலீஷ் வார்த்தை எழுத முடியுமோ அத்தனையும் எழுதணும். ஒரு எழுத்தை ஒரு வார்த்தையில் ஒரு தடவைதான் பயன்படுத்தலாம்.

நான் ஆபீஸ் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு வருவதற்குள் 23 எழுதி வைத்திருந்தாள். ரெய்ன், கிராப், கேபின், கோப்ரா, பிரெய்ன்... எனக்கு ஒரே பெருமை. மறுநாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்து பெஞ்ச் பொண்ணு நூத்துக்கு மேல எழுதியிருந்தாளாம். கைதட்டல் எல்லாம் அங்கே.

"அவங்க வீட்ல இங்கிலீஷ்லயே பேசுவாங்கப்பா. நமக்கெல்லாம் வராது."

அந்த "நமக்கெல்லாம்"தான் சுட்டது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஸ்கூலில் இங்கிலீஷ் என்று மூணையும் சமாளிக்கிற பிள்ளை பேசுற பேச்சா இது?

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த நூறும் போனில் இருந்து இறக்கினது. எழுத்துக்களைத் தட்டினால் போதும், ஒரு லட்சத்துக்கு மேல் வார்த்தை இருக்கிற அகராதியை வரிசையாக எடுத்து, கொடுத்த எழுத்தை விட எதுவும் கூடுதலா இருக்கா என்று மட்டும் எண்ணிப் பார்த்து, தேறினதைக் கொட்டிவிடும். அதில் கேரப் என்று ஒன்று. "அப்படீன்னா என்ன?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அந்தப் பொண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியாது, ஹி ஹி. தேடினேன். மத்தியதரைக் கடல் பக்கத்து மரமாம், நெற்று நெற்றாகக் காய்க்குமாம்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வரும்வரை இங்கே சாட்டிலைட் நெட்தான். ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். அன்றைக்கு இந்த வீட்டுப்பாடம் வந்திருந்தால் எல்லாப் பிள்ளைகளும் தலையைச் சொறிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கும். அதுக்காக கேபிள் வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியமா? ஊரில் இருக்கிற அம்மா முகத்தை அதில்தானே பார்க்கிறேன்.

அர்த்தம் தெரியாமல் வார்த்தை தெரிந்தால் தப்பா என்று நண்பர் ஒருத்தர் மடக்கினார். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே, அகராதியை உருப்போட்டு 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலக சாம்பியன் ஆனவர். வாஸ்தவம். ஆனால் மனுஷன் அத்தனையையும் தன் தலையில் ஏற்றினார் சார். போனில் இருந்து நோட்டுக்கு இறக்கவில்லை.

பிள்ளைகளைச் சொல்லி என்ன, போனைக் கையில் கொடுப்பது நாம்தானே. மெயின்லேண்டை விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பிள்ளை பின்தங்கிடுமோ என்கிற பயம். ஸ்கூலும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்தப் பயம் கூடத்தான் செய்யும். எழுதினதில் ஐந்தே ஐந்து வார்த்தையை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் போதாதா?

எங்க வீட்டு 23-ல் காயர் என்று ஒன்று. சி, ஓ, ஐ, ஆர். எப்படிம்மா தெரியும் என்றேன். "செல்லுலார் ஜெயில்ல காட்டினியே" என்றாள். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்பது அந்த ஜெயிலில் கைதிகளுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. அந்த இங்கிலீஷ் வார்த்தையே மலையாளத்துக் கயர். நம்ம கயிறுக்குக் கூடப்பிறந்தது. தென்னையை நம்பி வாழ்கிற நிக்கோபார் பெயருக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கு! அதைச் சொன்னதும்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அன்றைக்கு ராத்திரி போர்ட் பிளேரை எடுத்தோம். (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எங்க வாயில் இன்னும் பழசுதான்.) ஒன்பது எழுத்தையும் வட்டமாக எழுதச் சொன்னேன். நேர்கோட்டில் இருந்தால் கண் பழைய பெயரையே படிக்கும். அப்புறம் வால் பிடிக்கணும். ஏ, எல் என்று முடிகிறது எது? டிரைபல். போர்ட்டல். கொஞ்ச நேரம் கழித்து ஆர்பிட்டல். ஓ, ஆர் வாலுக்கு டெய்லர்.

அடுப்படியில் இருந்து தங்கமணி, "பார்பாயில் வருமா பாருங்க" என்றாள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். மாசா மாசம் வாங்குகிற புழுங்கல் அரிசி மூட்டையில் பார்பாயில்டு ரைஸ் என்று போட்டிருக்குமே, அது. எழுத்து எழுத்தாக அடித்துப் பார்த்தோம். வருது! ஏழு எழுத்து! நானும் வாண்டும் அரை மணி நேரம் முட்டிக்கொண்டு இருந்தோம், எங்களுக்குத் தோணவே இல்லை.

"அம்மாவுக்கு எப்படிப்பா?" என்று காதில் கேட்டாள். அரிசி மூட்டையைக் காட்டினேன்.

இப்போது ஊரின் புதுப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறாள். பதினாலு எழுத்து. போன் என் சட்டைப் பையில். பைஜாமா ஒன்று உள்ளே இருக்கிறது, நான் இன்னும் சொல்லவில்லை :-)