இரண்டு வெள்ளி… எந்த ஊர்க் கணக்கு?

ஆரணிக்காரர்களுக்கு ஒரு பழைய ஆதங்கம் உண்டு. சாயம் போடுவது, பாவு பிடிப்பது, தறியில் உட்கார்ந்து நெய்வது எல்லாம் இங்கே. ஆனால், அதே புடவை வெளியூர்க் கடைக்குப் போனதும் பல நேரம் அதன் பெயர் ‘காஞ்சிபுரம் பட்டு’!

ஒலிம்பிக்கிலும் இப்படி ஒரு தகராறு இருக்கிறது. அங்கே பிரச்னை இரண்டு வெள்ளிப் பதக்கங்கள். ஜெயித்தவர் நார்மன் பிரிட்சார்ட். கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்து, அங்கே செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தவர். 1894 முதல் 1900 வரை தொடர்ந்து ஏழு வருடம் வங்காளத்தின் 100 கஜ ஓட்டத்தில் அவர்தான் சாம்பியன். கால்பந்திலும் கெட்டிக்காரர். இந்தியக் கால்பந்து சங்கத்தின் செயலாளராகக்கூட இருந்திருக்கிறார்.

1900-ல் இங்கிலாந்து போனவர், லண்டனில் நடந்த தடகளப் போட்டியில் தடை தாண்டும் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். அதே ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக். மைதானம் என்றதும் இன்றைய சிந்தெடிக் டிராக்கைக் கற்பனை செய்ய வேண்டாம். புல்தரை, சுற்றிலும் மரங்கள். 200 மீட்டர் தடை ஓட்டத்தில் அமெரிக்காவின் ஆல்வின் கிரான்ஸ்லைன் முதலிடம், பிரிட்சார்ட் இரண்டாமிடம். சில நாள்களில் 200 மீட்டர் ஓட்டத்திலும் இரண்டாமிடம். கிரான்ஸ்லைனிடம் தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஒலிம்பிக்கில் மட்டும் நான்கு போட்டிகளில் ஜெயித்தவர் அவர். முன்காலை நேராக நீட்டித் தடையைத் தாண்டும் முறையைப் பிரபலமாக்கியதும் அவரே.

சரி, பிரிட்சார்ட் ஓடியது எந்த நாட்டுக்காக? அன்று நாடுகள் அணி அனுப்பும் வழக்கமே உறுதியாகவில்லை. யார் வேண்டுமானாலும் கிளப் பெயரில் பெயர் கொடுத்து ஓடலாம். இந்தியா அணியாகப் போனது 1920 ஆண்ட்வெர்ப் போட்டிக்குத்தான். அதனால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அவரை இந்தியக் கணக்கில் வைத்திருக்கிறது. உலகத் தடகள அமைப்பின் பதிவிலோ அவர் பிரிட்டன்காரர். ஆரணிப் பட்டுக்காவது புவிசார் குறியீடு வந்துவிட்டது. மனிதருக்கு எங்கே போய் வாங்குவது?

பழங்கதைதானே என்று தள்ளிவிட முடியாது. 1960-ல் மில்கா சிங்குக்கு நான்காமிடம். 1984-ல் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். 2021-ல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். தடகளத்தில் இந்தியாவின் முதல் பதக்கம் அதுவா, இல்லையா? பிரிட்சார்டைச் சேர்த்தால் இல்லை, விட்டால் ஆம். சுதந்திரத்துக்கு முந்தைய கல்கத்தாவில் ஆட்சி செய்த இனத்தைச் சேர்ந்தவரை ‘இந்தியர்’ என்பதில் நெருடல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அவர் ஓடப் பழகிய மண் எது என்பதில் சந்தேகமே இல்லை.

அவர் இதற்கெல்லாம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1905-ல் இங்கிலாந்தில் குடியேறி நாடக நடிகரானார். பிறகு அமெரிக்கா. ‘நார்மன் ட்ரெவர்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு ஹாலிவுட்டின் மௌனப் படங்களில் நடித்தார். 1926-ல் வந்த ‘பியூ கெஸ்ட்’டில் அவரைப் பார்க்கலாம். 1929-ல் கலிஃபோர்னியாவில் இறந்தார்.

ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வ இணையதளத்தில் 1900 பாரிஸ் பதக்கப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இந்தியா: 2 வெள்ளி. இரண்டும் அவருடையவை.