வீட்டு லேப்டாப்புக்கு வைரஸைக் கூட்டிட்டு வந்தவன்

உங்க வீட்டுல "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை" யாரு? இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் மனசுக்குள்ள கையைத் தூக்கியிருப்பீங்க. நீங்க மெக்கானிக்கலா இருக்கலாம், சிவிலா இருக்கலாம், வீட்டுல அதெல்லாம் கணக்கே இல்ல. இன்ஜினியரிங் சேர்ந்த அன்னைக்கே அந்தப் பட்டத்தைக் கொடுத்துடறாங்க. பிரிண்டர் ஓடலையா, கூப்பிடு அவனை. டிவியில யூடியூப் வரலையா, கூப்பிடு அவனை.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள வைரஸ் வர்ற பெரிய வாசல், தெரியாம லிங்க்கை அமுக்குற அம்மாவோ அப்பாவோ இல்ல. அந்தக் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைதான். உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்கன்னா, எங்க வீட்டுல அது நான்.

எனக்கு ஊர் எழுமலை. மதுரையில இருந்து உசிலம்பட்டி வழியா வரணும். எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்னா அது அக்கா பிளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான். 2011-ல ஆரம்பிச்ச அந்த இலவச லேப்டாப் திட்டம் வரலைன்னா, எங்க தெருவுல பல வீடுகள் கம்ப்யூட்டரையே பார்த்திருக்காது. பேருக்கு அது மாணவர் லேப்டாப். ஆனா வீட்டுக்கு வந்ததும் குடும்பச் சொத்து ஆயிரும். எங்க லேப்டாப்ல அக்காவோட காலேஜ் நோட்ஸ், அப்பாவோட பட்டா ஸ்கேன், எல்லாரோட ஆதார், அம்மாவோட மகளிர் குழுக் கணக்கு, பத்து வருஷத்து போட்டோ எல்லாம் இருந்துச்சு. அக்கா கல்யாணம் ஆகிப் போறப்ப "பத்திரமா வெச்சுக்கடா"ன்னு என்கிட்ட கொடுத்துட்டுப் போனா.

ரெண்டாம் வருஷம் ஒரு அசைன்மென்ட். ஒரு டிசைன் சாஃப்ட்வேர்ல மாடல் போட்டுக் கொடுக்கணும். லைசென்ஸ் விலையைப் பார்த்தா எங்க வீட்டு வருஷ வருமானத்தை விட அதிகம். அப்புறம் என்ன செஞ்சிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். கிராக் தேடினேன். ஜிப் ஃபைலுக்குள்ள ஒரு நோட்பேட் குறிப்பு இருந்துச்சு: முதல்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு, அப்புறம் இந்த ஃபைலை "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடு.

இந்த ரெண்டு வரியையும் இன்னொரு தடவை படிங்க. முகம் தெரியாத ஒருத்தர் வந்து, "வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிடு, பீரோ சாவியை என் கையில கொடு"ன்னு சொன்னா என்ன செய்வோம்? செருப்பு பிய்ஞ்சிரும். ஆனா அதையே ஒரு ரீட்மீ ஃபைல் சொன்னா, நம்ம சமர்த்தாக் கேட்டுக்கறோம். வைரஸ் எந்தப் பாதுகாப்பையும் உடைச்சு உள்ள வரல. நான் கதவைத் திறந்து, பாய் விரிச்சு உக்கார வெச்சேன்.

கொஞ்ச நேரத்துல ஒரு "விண்டோஸ் அப்டேட்" விண்டோ வந்துச்சு. சரி, அப்டேட் ஆகுதுன்னு சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்தா எல்லா ஃபைலுக்கும் பின்னாடி புதுசா நாலு எழுத்து ஒட்டியிருக்கு. எதுவும் திறக்கல. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு ரீட்மீ. 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள்ள பேசினா பாதி விலை, 490 டாலர். நம்ம காசுக்கு ஏறக்குறைய 40 ஆயிரம் ரூபாய். ஆடித் தள்ளுபடி மாதிரி டிஸ்கவுண்ட் வேற.

பிறகுதான் தேடிப் படிச்சேன். அதுக்குப் பேரு ஸ்டாப் அல்லது டிஜேவியூ ரான்சம்வேர். பெரிய கம்பெனிகளைத் தேடிப் போற ரகம் இல்ல. கிராக், கீஜென் வழியா வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள்ள நுழையறதுதான் அதோட தொழிலே. ஃபைலைப் பூட்டுற நேரத்துல நம்ம சந்தேகப்படக் கூடாதுன்னு போலி அப்டேட் விண்டோ காட்டும். பல சமயம் கூடவே பாஸ்வேர்ட் திருடுற இன்னொரு மால்வேரையும் இறக்கி வெச்சிட்டுப் போகும். பிரவுசர்ல "சேவ் பாஸ்வேர்ட்" கொடுத்து வெச்சிருக்கோம்ல, அது எல்லாமே அதுக்கு விருந்து. 2019 அக்டோபர்ல எம்சிசாஃப்ட்ங்கற நிறுவனம் இதோட 148 வகைகளுக்கு இலவசமா ஒரு சாவி டூல் வெளியிட்டுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே அவங்க பூட்டை மாத்திட்டாங்க. புதுப் பூட்டுக்கு அநேகமா சாவி இல்ல. எனக்கும் கிடைக்கல.

என்ன போச்சு? அக்கா கல்யாண போட்டோ ஸ்டுடியோ ஆல்பத்துல இருக்கு, தப்பிச்சிருச்சு. பட்டா, ஆதார் எல்லாம் திரும்ப எடுத்துக்கலாம். மகளிர் குழுக் கணக்கு? அம்மா அதைத் தனியா ஒரு நீளநோட்டுலயும் எழுதி வெச்சிருந்தாங்க. "எதுக்கும்மா ரெண்டு வேலை, எக்செல்லே போதும்"னு நானே கிண்டல் பண்ணியிருக்கேன். கடைசில எங்க வீட்டுல பேக்கப் எடுத்து வெச்சிருந்த ஒரே ஆள் எங்கம்மாதான்.

போனது, எங்க அப்பத்தா திண்ணையில உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டே அக்காவைத் திட்டுற ஒரு வீடியோ. மூணு நிமிஷம் இருக்கும். அவங்க குரல் அதுல மட்டும்தான் இருந்துச்சு. அப்பத்தா இப்ப இல்ல.

இதுல இன்னொரு அசிங்கமும் இருக்கு. அக்கா கேட்டப்ப, "லேப்டாப் பழசுல்ல, ஹார்ட் டிஸ்க் போயிருச்சு"ன்னு பொய் சொன்னேன். அக்கா நம்பிட்டா. அவளுக்கு நான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை.

பொய் சொல்றது பெரிய இடங்களுக்கும் கைவந்த கலையோன்னு எனக்குத் தோணும். கூடங்குளத்தை எடுத்துக்கோங்க. 2019 அக்டோபர் 29-ம் தேதி, அணு மின் நிலையத்துல சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லைன்னு அங்கேயிருந்து அறிக்கை வந்துச்சு. அடுத்த நாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர் இருந்தது உண்மைதான்னு ஒப்புக்கிட்டுச்சு. செர்ட்-இன் செப்டம்பர் 4-லயே தகவல் சொல்லியிருந்ததாம். முதல் அறிக்கை சொன்னது அணு உலையைக் கட்டுப்படுத்துற கருவிகளைப் பத்தித்தான். ஆனா ஊரு கேட்டது "எதுவும் நடக்கல"ங்கற மாதிரிதான்.

ஆனா அதே சம்பவத்துல நமக்கு ஒரு நல்ல பாடமும் இருக்கு. மால்வேர் வந்தது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இருக்கற நெட்வொர்க்ல இருந்த ஒரு கம்ப்யூட்டருக்கு. உலையை இயக்குற நெட்வொர்க் தனி. அதனால அது அங்க போகலைன்னு சொன்னாங்க. ஒரு கம்ப்யூட்டர்ல தப்பு நடக்காமலே இருக்காது. நடந்தா எதுவரைக்கும் பரவும்ங்கறதைத்தான் நம்ம முன்கூட்டியே முடிவு பண்ண முடியும். வயல்ல வரப்பு போடற மாதிரி.

வீட்டுல அந்த வரப்பைப் போட காசு வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். விண்டோஸ்ல அட்மின் அக்கவுன்ட் ஒண்ணு, தினசரி வேலைக்கு "ஸ்டாண்டர்ட்" அக்கவுன்ட் ஒண்ணுன்னு பிரிச்சிருங்க. பெரும்பாலான சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகணும்னா அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். அந்தப் பாஸ்வேர்டை, கேட்டா சிரிப்பீங்க, அம்மா கையில கொடுங்க. நான் கொடுத்துட்டேன். இப்ப எனக்கு ஏதாவது இன்ஸ்டால் பண்ணணும்னா, "இது எங்கேயிருந்து எடுத்தது? எதுக்கு?"ன்னு அம்மா கேட்பாங்க. பதில் சொல்ல முடியலைன்னா அது இன்ஸ்டால் பண்ணக் கூடாத சாமான். இதை விட நல்ல ஆன்டிவைரஸ் நான் பார்க்கல.

ஆன்டிவைரஸே வேண்டாம்னு சொல்லல. விண்டோஸ்ல கூடவே வர்ற டிஃபெண்டரை ஆஃப் பண்ணாம விட்டாலே வீட்டுக்குப் போதும். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. 2017 மே 12-ல வான்னாக்ரை 150-க்கும் மேற்பட்ட நாடுகளைப் புரட்டிப் போட்டுச்சே, அதுக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லயே கொடுத்திருச்சு. போட்டுக்காதவங்கதான் மாட்டினாங்க. விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. பழைய அரசு லேப்டாப்ல விண்டோஸ் 11 ஏறாது. அதுக்கு லினக்ஸ் போடுங்க. ஆரம்பத்துல கொடுத்த லேப்டாப்கள்ல பாஸ் லினக்ஸ் கூடவே வந்துச்சு. நம்ம சென்னை சி-டாக்ல உருவாக்கினது. வாங்குன கையோட அதை அழிச்சிட்டு "ஸ்பேஸ் கிடைச்சிருச்சு"ன்னு சந்தோஷப்பட்டவங்கதான் நம்ம அண்ணன் அக்காமாரு.

ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போற பென் டிரைவை வீட்டு லேப்டாப்ல சொருகினா, திறக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணுங்க. ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியற மாதிரி செட்டிங்கை மாத்தி வெச்சா, ஃபோல்டர் வேஷம் போட்ட ஈ.எக்ஸ்.ஈ பல்லை இளிச்சிட்டு நிக்கறது கண்ணுக்குத் தெரியும். போட்டோ, வீடியோவையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து, கழட்டி பீரோவுல வைங்க. சொருகியே வெச்சிருந்தா அதையும் சேர்த்துப் பூட்டிரும். அம்மாவோட நீளநோட்டு ஏன் பொழைச்சதுன்னா, அது லேப்டாப்ல சொருகப்படல.

இப்ப உங்க மனசுல ஓடற கேள்வி எனக்குக் கேட்குது. "லட்ச ரூபா சாஃப்ட்வேருக்கு நாங்க எங்க போறது?" நியாயமான கேள்வி. நான் இங்க நீதி போதனை வகுப்பு எடுக்க வரல. ஆனா காப்பியடிக்கிற சாஃப்ட்வேருக்கும் வைரஸுக்கும் உறவு ரொம்பப் பழசு. பிசி-க்கு வந்த முதல் வைரஸ்னு சொல்ற "பிரெய்ன்", 1986-ல லாகூர்ல ரெண்டு அண்ணன் தம்பி எழுதினது. தங்களோட சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பி போடறவங்களைப் பிடிக்கத்தான் எழுதினோம்னு சொன்னாங்க. உள்ளேயே அவங்க பேரும் ஃபோன் நம்பரும் இருந்துச்சு. இன்னைக்கு கிராக் போடறவன் நம்பர் கொடுக்க மாட்டான், நம்ம நம்பரைத்தான் எடுப்பான்.

வழி இல்லாமலும் இல்ல. ஆட்டோடெஸ்க் மாதிரி சில கம்பெனிகள் மாணவர்களுக்கு இலவசமாவே கொடுக்குது. மேட்லாப் வேலைக்கு ஆக்டேவ், சைலாப். வரையறதுக்கு ஃப்ரீகேட். சர்க்யூட்டுக்கு கைகேட். ஐஐடி பம்பாயோட ஸ்போக்கன் டுடோரியல் தளத்துல இதுல பலதுக்குத் தமிழ்லயே பாடம் இருக்கு. எனக்கு இதெல்லாம் இருக்குன்னு ரெண்டாம் வருஷம் யாரும் சொல்லல. அதனால இந்தப் பழியில ஒரு பங்கை அசைன்மென்ட் கொடுக்கறவங்களும் வாங்கிக்கணும். லேப் நாலரை மணிக்குப் பூட்டிருவீங்க, லைசென்ஸ் லேப்ல மட்டும்தான் இருக்கும், ஆனா மறுநாள் காலையில மாடல் வேணும்னு கேட்டா, அந்தப் பையன் ராத்திரி என்ன பண்ணுவான்னு நீங்க யோசிக்கலையா? ஓப்பன் சோர்ஸ்ல செஞ்சாலும் மார்க் உண்டுன்னு ஒரு வரி சேர்த்தா, எத்தனையோ வீட்டு லேப்டாப் தப்பிக்கும்.

இது நம்ம தலைமுறையோட முடியற விஷயமும் இல்ல. 2025 மார்ச் பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சாங்க. ஒவ்வொண்ணும் ஒரு வீட்டுக்குள்ள போகும். ஒவ்வொண்ணுலயும் ஒரு குடும்பத்தோட ஆதார், பாஸ்புக், ஏதோ ஒரு அப்பத்தாவோட குரல் ஏறும். அதுக்குப் பக்கத்துல நம்மள மாதிரி ஒரு கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை உக்காந்திருக்கும்.

ஒருவேளை ஏற்கெனவே மாட்டிக்கிட்டீங்கன்னா: நெட்டைத் துண்டிங்க. காசு கட்டாதீங்க, கட்டினா ஃபைல் திரும்ப வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. பூட்டின ஃபைல்களை அழிக்காம ஒரு ஓரமா எடுத்து வைங்க. "நோ மோர் ரான்சம்" தளத்துல உங்க வகைக்கு எப்பவாவது சாவி வரலாம். நான் இன்னும் வெச்சிருக்கேன், அப்பப்ப போய்ப் பார்க்கறேன். வேற ஒரு கருவியில இருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாத்துங்க. பேங்க்ல இருந்து காசு போயிருந்தா உடனே 1930-க்கு அடிங்க.

முக்கியமா, வீட்டுல உண்மையைச் சொல்லிருங்க. நான் அக்காகிட்ட போன பொங்கலுக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அப்பவே சொல்லியிருந்தா மாமா ஃபோன்ல ஒரு தடவை தேடிப் பார்த்திருப்போம்டா, அந்த வீடியோவை அவருக்கு அனுப்பின ஞாபகம். அந்த ஃபோனைத்தான் போன வருஷம் எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டோம்"னு சொன்னா.